கத்திக்கு நல்ல எஃகு எது? சேகரிக்கத் தொடங்குவோருக்கு ஒரு விளக்கம்

கத்தி சேகரிப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால், கைகுலுக்கி முடிப்பதற்குள் "என்ன ஸ்டீல்?" என்ற கேள்வி வந்துவிடும். ஒரு பெயருக்குப் புருவம் உயரும், இன்னொரு பெயருக்கு உதடு பிதுங்கும். பக்கத்தில் நிற்கும் புதியவர் அந்தப் பெயர்களை மனப்பாடம் செய்துகொள்கிறார். விலை கூடிய எஃகு அதிக நாள் கூராக இருக்கும், கடினமான எஃகு உடையாது, ஸ்டெயின்லெஸ் என்றால் துரு வராது என்று மூன்று நம்பிக்கைகளோடு வீடு திரும்புகிறார். மூன்றுமே அரைகுறை. இரண்டாவது, உண்மைக்கு நேர் எதிர்.

எஃகின் தரம் ஒரே ஏணியில் மேலும் கீழும் போவதில்லை. கத்தி என்று வரும்போது நான்கு குணங்களைத் தனித்தனியாகப் பார்க்கவேண்டும்: கடினம், முறியாமை, தேயாமை, துருப்பிடிக்காமை. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று பெரும்பாலும் குறையும். எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதில்தான் எஃகு செய்பவரின் திறமையும் கத்தி செய்பவரின் திறமையும் இருக்கின்றன. ஆகவே எந்த வேலைக்கு என்று சொல்லாமல் எது நல்ல எஃகு என்று கேட்டால் பதில் கிடையாது.

## கடினமும் முறியாமையும்

ஜன்னல் கண்ணாடியில் ஒரு ஆணியை எடுத்துக் கீறிப் பாருங்கள். கண்ணாடியில் கோடு விழாது. ஆணியைவிடக் கண்ணாடி கடினமானது. இரண்டையும் மாடியிலிருந்து கீழே போடுங்கள். ஆணிக்கு ஒன்றும் ஆகாது, கண்ணாடி நொறுங்கிவிடும். கத்தியைப் பற்றிப் பேசும்போது பலரும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிற இரண்டு குணங்களும் இங்கே தனித்தனியாகத் தெரிகின்றன.

கடினம் என்பது அழுத்தினால் பள்ளம் விழாமல், வளைந்து நெளியாமல் தன் உருவத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் குணம். முறியாமை என்பது அடியோ திருகலோ வந்தால் விரிசல் விடாமல் தாங்கிக்கொள்ளும் குணம். ஒரே எஃகை எடுத்துக்கொண்டால், பொதுவாகக் கடினத்தை ஏற்ற ஏற்ற முறியாமை இறங்கும். கடினமான கத்தி உடையாது என்ற நம்பிக்கை தலைகீழாக இருப்பது இதனால்தான்.

கத்தி விளம்பரங்களில் "60 எச்ஆர்சி" என்று எழுதியிருப்பார்களே, அது கடினத்தின் அளவு மட்டும். ராக்வெல் சி அளவுகோல் என்பது அதன் முழுப்பெயர். ஹியூ ராக்வெல், ஸ்டான்லி ராக்வெல் என்ற இரு அமெரிக்கர்கள் 1914இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை இது. நுனி 120 டிகிரி கோணத்தில் தீட்டப்பட்ட ஒரு வைரக் கூம்பை எஃகின் மேல் வைத்து, முதலில் 10 கிலோ எடையால் லேசாக அழுத்துவார்கள். பிறகு மொத்தம் 150 கிலோவாக ஏற்றி, மறுபடி 10 கிலோவுக்கு இறக்கி, கூம்பு கூடுதலாக எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு 0.002 மில்லிமீட்டருக்கும் நூறிலிருந்து ஒரு எண் கழியும். 60 எச்ஆர்சி என்றால் 0.08 மில்லிமீட்டர் ஆழம். அவ்வளவுதான் அந்த எண்ணின் கதை. அந்தக் கத்தி உடையுமா, துருப்பிடிக்குமா, எத்தனை நாள் கூர் நிற்கும் என்பதைப் பற்றி அது வாயைத் திறப்பதில்லை.

ஒரு மதிப்புக்குச் சொன்னால், கோடாரிகள் பெரும்பாலும் 50க்கும் 57க்கும் இடையில் இருக்கும். ஐரோப்பியச் சமையலறைக் கத்திகள் 56 முதல் 58. ஜப்பானியச் சமையலறைக் கத்திகள் 60ஐத் தாண்டும், சில 64, 65 வரைகூடப் போகும். கோடாரிக்கு 64 வைத்தால் முதல் கட்டையிலேயே வாய், அதாவது வெட்டும் விளிம்பு, சிதறும். மெல்லிய ஜப்பானியக் கத்திக்கு 52 வைத்தால் அதன் வாய் காகிதம்போல மடங்கும். இரண்டும் நல்ல கத்திகள்தான், வேலைதான் வேறு.

சுருக்கமாக: கடினம் உருவத்தைக் காக்கும், முறியாமை விரிசலைத் தடுக்கும். ராக்வெல் எண் முதலாவதை மட்டும் அளக்கிறது.

## உலைக்குள் நடப்பது

இனி கொஞ்சம் உள்ளே போவோம். கத்தியின் தலையெழுத்து எழுதப்படும் இடம் இதுதான் என்பதால் இந்தப் பகுதி நீளமாகவே இருக்கும்.

எஃகு என்பது இரும்பில் கொஞ்சம் கார்பன் கலந்த உலோகம். கத்திக்கான எஃகில் பெரும்பாலும் 0.5 சதவீதத்திலிருந்து 1.5 சதவீதம் வரை கார்பன் இருக்கும், சிலவற்றில் அதற்கு மேலும் போகும். 1095 என்று பெயர்பெற்ற பழைய எஃகில் ஏறத்தாழ 0.95 சதவீதம். பெயரின் கடைசி இரண்டு எண்களே அதைச் சொல்கின்றன. இந்தத் துளிக் கார்பன் இல்லாவிட்டால் என்ன செய்தாலும் இரும்பு கத்தியாகாது.

சாதாரண வெப்பநிலையில் இரும்பின் அணுக்கள் ஒருவிதமான கட்டத்தில் அடுக்கி நிற்கின்றன. அந்த அடுக்கின் இடுக்குகள் சிறியவை, கார்பன் அணுவுக்கு அதற்குள் ஏறக்குறைய இடமே இல்லை. ஆகவே கார்பன் இரும்போடு சேர்ந்து தனித் துகள்களாக ஒதுங்கியிருக்கும். அந்த நிலையில் எஃகு மென்மையாக இருக்கும், அரத்தால் ராவலாம், துளை போடலாம். கத்திக்கு உருவம் கொடுக்கும் வேலையில் பெரும்பகுதி இந்த நிலையில்தான் நடக்கிறது.

1095 மாதிரி எஃகைச் சுமார் 800 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் அணுக்கள் இடம் மாறி வேறொரு அடுக்குக்குப் போகின்றன. அந்த அடுக்கில் இடுக்குகள் பெரியவை. ஒதுங்கியிருந்த கார்பன் கரைந்து உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. வெப்பமானி இல்லாத பட்டறையில் இதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு. இரும்பு 770 டிகிரியில் காந்தத்தால் ஈர்க்கப்படும் குணத்தை இழக்கும். கொல்லர் காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டாமல் போனதும் இன்னும் கொஞ்சம் சூடேற்றி எடுப்பார்.

இப்போது அந்தச் செக்கச்சிவந்த அலகை எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்க்கிறார்கள். மெதுவாக ஆறவிட்டால் கார்பனுக்கு வெளியேற நேரம் கிடைக்கும், எஃகு பழைய மென்மைக்கே திரும்பிவிடும். சட்டென்று குளிர்ந்தால் அதற்கு நேரம் இல்லை. 1095க்கு இந்த அவகாசம் ஏறத்தாழ ஒரு நொடிதான், அதற்குள் 500 டிகிரி வாக்கில் இறங்கியாகவேண்டும். இரும்பணுக்கள் பழைய அடுக்குக்குத் திரும்பப் பார்க்கின்றன, ஆனால் உள்ளே கார்பன் மாட்டிக்கொண்டிருக்கிறது. அடுக்கு கோணலாகி, இறுகி, விறைத்து நின்றுவிடுகிறது. விறைத்த இந்த நிலைக்கு மார்ட்டன்சைட் என்று பெயர். அடால்ஃப் மார்ட்டன்ஸ் என்ற ஜெர்மானிய உலோகவியலாளரின் நினைவாக வந்த பெயர். ஒரு உலோகம் வளைவது என்றால் அதன் அணு வரிசைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவது. மார்ட்டன்சைட்டில் வரிசைகள் கோணிக்கொண்டு நிற்பதால் வழுக்க முடிவதில்லை. கடினம் பிறப்பது அங்கே. தோய்த்து எடுத்த அலகில் அரத்தைப் போட்டால் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு ஓடும். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே அனுபவசாலிக்குத் தெரிந்துவிடும்.

இந்த நிலையில் அலகு 65 எச்ஆர்சி இருக்கும். கை தவறிக் கீழே விழுந்தால் இரண்டாக உடையவும் வாய்ப்பு உண்டு. ஆகவே உடனே மறுபடி சூடாக்குகிறார்கள், இந்தத் தடவை வெறும் 150 முதல் 230 டிகிரி வரை, ஒன்றிரண்டு மணி நேரம், பெரும்பாலும் இரண்டு முறை. இதற்கு டெம்பரிங் என்று பெயர். சிக்கிய கார்பனில் கொஞ்சம் நகர்ந்து இறுக்கம் தளர்கிறது. கடினம் நான்கைந்து எண் இறங்கும், முறியாமை பல மடங்கு ஏறும். சூடாக்குவது, தோய்ப்பது, டெம்பர் செய்வது மூன்றும் சேர்ந்ததுதான் ஹீட் ட்ரீட்மென்ட், அதாவது பதம் செய்வது.

இதில் ஒரு இடத்தில் தவறினாலும் விலையுயர்ந்த எஃகு வீண். முதல் சூட்டை அளவுக்கு மீறி ஏற்றினால் எஃகின் உள்ளிருக்கும் நுண்ணிய படிக மணிகள் பெருத்துவிடும். அப்படிப்பட்ட அலகை அளந்து பார்த்தால் ராக்வெல் எண் சரியாகவே இருக்கும், ஆனால் தட்டினால் உடையும், உடைந்த இடம் சர்க்கரை கொட்டியதுபோல மினுங்கும். ஒரே எஃகு, ஒரே எண், இரண்டு கத்திகள், ஒன்று பத்து வருடம் உழைக்கிறது, இன்னொன்று பத்து நாளில் பல்லிளிக்கிறது என்றால் சந்தேகம் முதலில் இங்கேதான் போகவேண்டும். 1095ஐ நன்றாகப் பதம் செய்யத் தெரிந்த கொல்லரின் கத்தியை, அவசரத்தில் பதம் செய்த புதுப்பெயர் எஃகைவிட நான் மதிக்கிறேன். எல்லோரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

இன்னொரு சின்ன விஷயம். பதமெல்லாம் சரியாகச் செய்துவிட்டு, கடைசியில் பட்டை இயந்திரத்தில் சாணை பிடிக்கும்போது வாயைச் சுடவைத்துவிடுவதும் உண்டு. எஃகின் மேல் நீலம் பூத்தால் அந்த இடம் 300 டிகிரி வாக்கில் போய்வந்திருக்கிறது என்று அர்த்தம், மென்மையாகியிருக்கும். புதுக்கத்தி சீக்கிரம் மழுங்கி, நாலைந்து தடவை தீட்டிய பிறகு திடீரென்று நன்றாக வெட்டத் தொடங்கினால் காரணம் பெரும்பாலும் இது. கெட்ட விளிம்பு தேய்ந்துபோய் நல்ல எஃகு வெளியே வந்திருக்கிறது.

இதுவரை: கார்பன் இருந்தால்தான் எஃகு கடினமாகும், சட்டென்று குளிரவைத்தால் கடினம் வரும், டெம்பரிங்கில் முறியாமை திரும்பும். எஃகின் பெயர் தருவது வாய்ப்பை மட்டும், அதைப் பயன்படுத்துவது பதம்.

## தேயாமை: கார்பைடு என்ற மணல்

இரண்டு கத்திகளும் 60 எச்ஆர்சி. ஒன்று அட்டைப்பெட்டி பத்து வெட்டியதும் சோர்ந்துபோகிறது, மற்றது ஐம்பது வெட்டிய பிறகும் காகிதத்தைக் கீறுகிறது. கடினம் ஒன்றாக இருக்க, வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

கார்பைடுகளிலிருந்து. கார்பன் ஏதாவது ஒரு உலோகத்தோடு சேர்ந்து உருவாக்கும் மிகக் கடினமான நுண்துகளுக்குக் கார்பைடு என்று பெயர். சிமென்ட்டில் கிடக்கும் ஜல்லி மாதிரி அவை மார்ட்டன்சைட்டுக்குள் பதிந்துகிடக்கும். குரோமியம் கார்பைடு கடினமானது. வனேடியம் கார்பைடு அதைவிட மிகவும் கடினமானது, சாணைக்கல்லில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடைக்கூட மிஞ்சும். அட்டை, கயிறு, மண் ஒட்டிய பொருள் எல்லாம் கத்தி வாயை அரைத்துத் தேய்க்கின்றன. கார்பைடு அதிகமிருந்தால் தேய்மானம் மெதுவாகும்.

ஆனால் இதற்கும் ஒன்றை விட்டுக்கொடுக்கவேண்டும். கார்பைடு நிறைந்த எஃகைச் சாதாரணக் கல்லில் தீட்டினால், கல் சுற்றியுள்ள எஃகைத் தேய்க்குமே தவிர வனேடியம் கார்பைடைத் தேய்க்காது. வைரத் தகடு வேண்டும். அதோடு ஒவ்வொரு கார்பைடும் விரிசல் தொடங்குவதற்கு ஒரு இடம். துகள் பெரிதாக இருந்தால் முறியாமை இன்னும் விழும்.

துகளைச் சிறிதாக்க வந்ததுதான் பவுடர் எஃகு. உருகிய எஃகை வார்ப்பில் ஊற்றி மெதுவாக ஆறவிட்டால் கார்பைடுகள் பெரிதாக வளர நேரம் கிடைக்கும். அதற்குப் பதில் உருகிய எஃகை வாயுவால் பீய்ச்சிப் பொடிப்பொடித் துளிகளாக உறையவைத்து, அந்தப் பொடியை அதிக வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒன்றாக்கிக் கட்டியாக்குகிறார்கள். ஒவ்வொரு துளியும் நொடியில் உறைவதால் கார்பைடு சிறிதாகவே நிற்கிறது. அமெரிக்காவின் க்ரூசிபிள் நிறுவனம் 1970 வாக்கில் இதைத் தொழிலாக நடத்தத் தொடங்கியது. அதே நிறுவனம் கத்தி செய்பவர் கிறிஸ் ரீவோடு சேர்ந்து கத்திக்கென்றே வடிவமைத்து 2001இல் கொண்டுவந்தது எஸ்30வி: 1.45 சதவீதம் கார்பன், 14 சதவீதம் குரோமியம், 4 சதவீதம் வனேடியம், 2 சதவீதம் மாலிப்டினம். அதற்கு முன் கத்திக்காரர்கள் பெரும்பாலும் வேறு தொழிலுக்குச் செய்த எஃகைத்தான் எடுத்துக்கொண்டார்கள். 52100 உருள் தாங்கிகளுக்கானது, டி2 உலோகத்தை வெட்டும் அச்சுகளுக்கானது.

## ஸ்டெயின்லெஸ்ஸும் துரு பிடிக்கும்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி 1913இல் துருப்பிடிக்காத எஃகை உருக்கியபோது தேடிக்கொண்டிருந்தது கத்தியை அல்ல. துப்பாக்கிக் குழல் சீக்கிரம் அரித்துப்போவதற்கு ஒரு தீர்வைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய எஃகில் 12.8 சதவீதம் குரோமியம், 0.24 சதவீதம் கார்பன். கார்பன் அளவைப் பார்த்தாலே தெரியும், கத்தியாக அது பெரிதாகச் சோபிக்க வழியில்லை. ஷெஃபீல்டின் கத்திக்காரர்கள் தொடக்கத்தில் அவரைக் கேலி செய்ததில் ஆச்சரியமில்லை.

குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து எஃகின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகிறது. கீறினாலும் தானே மறுபடி உண்டாகும். அந்தப் படலம்தான் துருவைத் தடுக்கிறது. எஃகை ஸ்டெயின்லெஸ் என்று அழைக்கக் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும் என்பது வழக்கமான வரையறை.

சரி, டி2 எஃகில் 12 சதவீதம் குரோமியம் இருக்கிறதே, அது ஏன் துருப்பிடிக்கிறது? அதில் கார்பனும் 1.5 சதவீதம் இருக்கிறது. கார்பன் குரோமியத்தைப் பிடித்து இழுத்துக் கார்பைடாக்கிவிடுகிறது. கார்பைடுக்குள் அடைபட்ட குரோமியம் படலத்துக்கு உதவாது, எஃகில் கரைந்து மிச்சமிருப்பதுதான் கணக்கு. இதற்கு மறுகோடியில் சாண்ட்விக் நிறுவனம் கொண்டுவந்த 14சி28என்: குரோமியம் 14 சதவீதம், கார்பன் 0.62 மட்டும். கார்பைடு குறைவு, ஆகவே தேய்மானத்தில் டி2 இதை வெல்லும். துருவிலும் முறியாமையிலும் இது டி2வை வெகுதூரம் பின்னால் தள்ளிவிடும். மலிவான கத்திகளில் இந்த எஃகைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். கையில் வைத்து வேலை செய்யும் கத்திக்கு நான் டி2வைவிட இதையே எடுப்பேன்.

ஆக, குரோமியச் சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது, பக்கத்திலேயே கார்பன் சதவீதத்தையும் பார்க்கவேண்டும். எந்த ஸ்டெயின்லெஸ்ஸாக இருந்தாலும் உப்புத்தண்ணீரில் ஊறவிட்டால் புள்ளி விழும்.

## வாய் எப்படி மழுங்குகிறது

நன்றாகத் தீட்டிய கத்தி வாயின் கனம் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. இவ்வளவு மெல்லியது மூன்று வழிகளில் கெடும். தேய்ந்து உருண்டையாகலாம், பக்கவாட்டில் மடங்கலாம், சின்னச் சின்னதாக உடைந்து பல் விழலாம். தேய்வதைத் தேயாமை தடுக்கும், மடங்குவதைக் கடினம் தடுக்கும், பல் விழுவதை முறியாமை தடுக்கும். முதலில் சொன்ன குணங்களில் மூன்று இங்கே வேலைக்கு வருகின்றன.

வாய் உடைய எதிரே இருப்பது கடினமான பொருளாக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சவர பிளேடை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்து 2020இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. முடி பிளேடின் எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையானது. அப்படியிருந்தும் முடி வளைந்து, விளிம்பில் எஃகின் அமைப்பு சீராக இல்லாத ஓர் இடத்தில் பட்டால், அந்த இடத்தில் துணுக்கு பெயர்ந்துவிடுகிறது.

கூர் எவ்வளவு நாள் நிற்கும் என்று அளக்க ஷெஃபீல்டில் கத்தித் தொழிலுக்கான ஆய்வு அமைப்பான கேட்ரா உருவாக்கிய இயந்திரம் ஒன்று இருக்கிறது. 5 சதவீதம் சிலிக்கா மணல் கலந்த அட்டைக் கட்டை ஒரே அழுத்தத்தில் கத்தி திரும்பத் திரும்ப வெட்டும், மொத்தம் எவ்வளவு அட்டை வெட்டியது என்று எண்ணுவார்கள். எஃகுகளை ஒப்பிட்டு இணையத்தில் சுற்றும் பட்டியல்கள் பலவற்றின் அடிப்படை இதுதான். அது அளப்பது பெரும்பாலும் தேய்மானத்தை. எலும்பில் இடித்துப் பல் விழுவதைப் பற்றி அந்தப் பட்டியல் உங்களுக்கு எதுவும் சொல்லாது.

## எஃகை முந்தும் வடிவம்

இவ்வளவு நேரம் எஃகைப் பேசிவிட்டு இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான்: கத்தி எப்படி வெட்டும் என்பதில் வடிவத்தின் பங்கு எஃகின் பங்கைவிடப் பெரும்பாலும் அதிகம். ஒரு பக்கத்துக்கு 15 டிகிரியில் தீட்டிய சாதாரண எஃகு, 25 டிகிரியில் தீட்டிய உயர்ரக எஃகைவிடச் சுலபமாக வெட்டும், கேட்ரா மாதிரிச் சோதனையில் அதிக நேரமும் வெட்டக்கூடும். மெல்லிய வாய் கொஞ்சம் தேய்ந்தாலும் மெல்லியதாகவே இருக்கிறது அல்லவா, அதனால். ஆனால் மெல்லியதாகத் தீட்டிய வாயைத் தாங்க எஃகுக்குக் கடினமும் முறியாமையும் வேண்டும். நல்ல எஃகின் உண்மையான பயன் இதுதான், அது கோணத்தைக் குறைக்க இடம் கொடுக்கிறது. உயர்ரக எஃகை வாங்கி உளிபோலத் தடித்த வாயோடு வைத்திருப்பது காசுக்கு நஷ்டம்.

வளையும் தன்மையிலும் ஒரு குழப்பம் உண்டு. இந்த எஃகு விறைப்பு, அந்த எஃகு நெகிழும் என்பார்கள். கையால் வளைக்கும்போது ஒரு அலகு எவ்வளவு எதிர்க்கும் என்பது எல்லா எஃகுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், பதம் செய்தாலும் செய்யாவிட்டாலும். அதைத் தீர்மானிப்பது தடிமன். தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. பதம் மாற்றுவது வேறொன்றை: வளைத்து விட்டதும் அலகு நிமிருமா, வளைந்தபடியே நிற்குமா, உடையுமா என்பதை.

இதை நேரில் காட்டும் ஒரு தேர்வு அமெரிக்க பிளேட்ஸ்மித் சொசைட்டியில் உண்டு. 1976இல் தொடங்கிய அமைப்பு. அங்கே பட்டம் வாங்க விரும்பும் கொல்லர் தான் அடித்த ஒரே கத்தியால், தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் வெட்டவேண்டும். பிறகு ஒரு மரச்சட்டத்தை இரண்டு முறை வெட்டித் துண்டாக்கவேண்டும். அதன் பிறகும் அந்த வாய் கைமுடியைச் சிரைக்கவேண்டும். கடைசியாக அதே கத்தியை இடுக்கியில் மாட்டி 90 டிகிரிக்கு வளைப்பார்கள், முறியக்கூடாது. இதற்காகப் பெரும்பாலும் வாயைக் கடினமாகவும் முதுகை மென்மையாகவும் பதம் செய்கிறார்கள். ஜப்பானியக் கொல்லர்கள் முதுகில் களிமண் பூசித் தோய்ப்பதும் இதற்காகத்தான், களிமண் பூசிய இடம் மெதுவாகக் குளிர்ந்து மென்மையாகவே நிற்கும்.

## டமாஸ்கஸ் வரிகள்

சேகரிப்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. இன்று டமாஸ்கஸ் என்று விற்கப்படுவது, இரண்டு வகை எஃகை அடுக்கி, உலையில் காய்ச்சி அடித்து ஒட்டி, மடித்துத் திருகி வரி வரவைத்தது. பெரும்பாலும் 1095உம், 2 சதவீதம் நிக்கல் உள்ள 15என்20உம். அமிலத்தில் தோய்த்தால் நிக்கல் இல்லாத அடுக்கு கறுக்கும், நிக்கல் அடுக்கு பளிச்சென்று நிற்கும். வெட்டும் திறனில் இதனால் மந்திரம் எதுவும் கூடுவதில்லை. நன்றாகப் பதம் செய்த ஒற்றை எஃகும் இதுவும் ஒன்றே. அழகுக்காக வாங்கலாம், தாராளமாக.

பழைய டமாஸ்கஸ் வாள்களின் வரி வேறு சங்கதி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண்கலத்தில், உருக்கிய ஊட்ஸ் எஃகுக் கட்டியிலிருந்து அவை வந்தன. கார்பன் சுமார் 1.5 சதவீதம். அடுக்கி ஒட்டியது கிடையாது, எஃகுக்குள்ளேயே கார்பைடுகள் வரிசைகட்டி நின்று வரியாகத் தெரிந்தன. ஜான் வெர்ஹோவன் என்ற உலோகவியலாளரும் ஆல்ஃப்ரட் பென்ட்ரே என்ற கொல்லரும் இதை மறுபடி செய்து பார்த்து, தாதுவில் இருந்த மிகச் சிறிதளவு வனேடியம் போன்ற கலப்புகள்தான் அந்த வரிசைக்குக் காரணம் என்று விளக்கினார்கள்.

மூன்றாவது ரகம் மோசடி. ஒற்றை எஃகின் மேல் லேசராலோ அமிலத்தாலோ வரியை அச்சடித்தது. கத்தியின் முதுகைப் பாருங்கள். உண்மையான அடுக்கு என்றால் வரி முதுகின் மேலும் தொடர்ந்து மறுபக்கம் இறங்கும். அச்சு என்றால் விளிம்போடு நின்றுவிடும்.

## வாங்கும்போதும் வைக்கும்போதும்

பெயர்ப் பட்டியலைப் பார்த்து மிரளவேண்டாம். முதலில் கத்தி எதற்கு என்று முடிவு செய்யுங்கள். மரம், காடு, இடி வாங்கும் வேலை என்றால் முறியாமை முக்கியம், கடினம் 56இலிருந்து 58 போதும். அட்டை, கயிறு என்றால் தேயாமை. கடற்கரை, வியர்வை என்றால் துரு. அலமாரியில் இருக்கப்போகிற கத்திக்கு இந்தக் கணக்கே தேவையில்லை, கைவேலையைப் பாருங்கள். விற்பவரிடம் எஃகின் பெயரோடு நிற்காமல் எத்தனை எச்ஆர்சி, பதம் செய்தது யார், வாய்க்குப் பின்னால் கனம் எவ்வளவு என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் தெரிந்தவரிடம் நம்பி வாங்கலாம்.

சேகரிப்பில் கத்தியைக் கெடுப்பது பெரும்பாலும் பயன்பாடு அல்ல, வைத்திருக்கும் முறை. தோல் உறைக்குள் மாதக்கணக்கில் விடாதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்டபோது சேர்ந்த அமிலமும் உப்பும் அதில் இருக்கும். கார்பன் எஃகு, அதாவது ஸ்டெயின்லெஸ் அல்லாத எஃகு, உறைக்குள்ளேயே புள்ளி விடும், கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் பித்தளைக் காப்பு பச்சை பூக்கும். அலகைத் தொட்டால் விரல் ரேகையின் உப்பைத் துடைத்துவிட்டு, மெல்லியதாக மினரல் ஆயில் தடவி, உறையைத் தனியே வையுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசின்போல இறுகிவிடும், அப்புறம் அதைச் சுரண்டி எடுப்பதற்குள் அலகில் கீறல் விழுந்துவிடும்.